பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்: காசநோய்ப் பராமரிப்பின் சொல்லாடல் குறித்து

1

ஒரு நோய்க்கு ஒரு மொழி எத்தனை பெயர் வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த நோயாளியை யார் யார் எங்கெங்கே நின்று பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும். தமிழில் இந்த ஒரு வியாதிக்கு எலும்புருக்கி, க்ஷயம், காசம், டி.பி. என்று குறைந்தது நான்கு பெயர்கள் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. நான்கும் ஒன்றையே குறிக்கின்றன என்று அகராதி சொல்லும். அகராதிக்கு அவ்வளவு போதும். நமக்குப் போதாது.

எலும்புருக்கி என்பது பாயில் கிடப்பவரைத் தினமும் தூக்கி உட்காரவைத்த கை கண்டுபிடித்த பெயர். நேற்றைக்கு இன்றைக்கு உடம்பு இளைத்திருக்கிறது, விலா எலும்பு கையில் தட்டுப்படுகிறது என்பதைத் தொட்டவர்தான் அறிய முடியும். க்ஷயம் வைத்தியரின் சுவடியிலிருந்து வந்தது; தேய்வு என்பதை ஒரு கோட்பாடாக நிறுத்திய சொல். காசம் என்றால் இருமல். இருமலைக் கேட்க நோயாளியின் பக்கத்தில் இருக்கவேண்டியதில்லை, அடுத்த வீட்டுச் சுவருக்கு இப்பால் இருந்தாலே போதும். அச்சம் தொடங்குவதும் அந்தத் தூரத்தில்தான். டி.பி. என்ற சொல்லுக்கோ நோயாளியே தேவையில்லை. அவருடைய சளி போதும். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அந்தக் கிருமியை அறிவித்த பிறகு, கண்ணாடிச் சில்லில் தடவிய சளிக்கும் நுண்ணோக்கிக்கும் இடையில் பிறந்த பார்வை அது.

அரசின் ஆவணங்களில் நிலைத்தது காசநோய். தூரத்திலிருந்து கேட்டவரின் பெயர் ஜெயித்தது, தொட்டுப் பார்த்தவரின் பெயர் கிழவிகளின் பேச்சுக்குள் ஒதுங்கிவிட்டது.

சூசன் சொண்டாக் 1978இல் எழுதிய நோயும் உருவகமும் பற்றிய நூலை நம் பக்கத்தில் பலரும் மேற்கோள் காட்டியிருக்கிறோம். ஐரோப்பிய இலக்கியம் காசநோயை நுண்ணுணர்வின் அடையாளமாக, மேன்மையான ஆத்மாவின் வியாதியாக அலங்கரித்ததை அவர் தோலுரித்தார். நோயை உருவகங்களிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றார். அந்த வாதத்தை அப்படியே இங்கே இறக்கினால் எலும்புருக்கியையும் சேர்த்துத் துடைத்தெறிய நேரிடும். எலும்புருக்கி அலங்காரம் இல்லை. அது ஓர் அவதானம். பராமரித்தவரின் அறிவு அதில் உறைந்து கிடக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை ஒரு எளிய கேள்வியிலிருந்து புறப்படுகிறது: காசநோயாளிக்கான செவிலியப் பராமரிப்பும், 'நலக்கல்வி' என்ற பெயரில் அவருக்குச் சொல்லப்படுவதும் எந்த இடத்தில் நின்று பேசுகின்றன? பாய்க்குப் பக்கத்தில் நின்றா, சுவருக்கு அப்பால் நின்றா?

2

சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிலையத்தின் பெயர். 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே ஏற்படுத்திய காசநோய்க் காப்பகத்தை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. சானடோரியம் என்ற கருத்தமைவு எளிமையானது: நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, ஒழுங்கு ஆகியவற்றுக்குள் வைப்பது. மருந்து கைக்கு வராத காலத்தில் பராமரிப்புதான் சிகிச்சை. புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948இல். ஐசோனியசிட் மருந்து வந்தது 1952இல். நான்கு வருஷ வித்தியாசம்.

மருந்து வந்ததும் கேள்வி மாறியது. இந்தியாவில் இருந்த படுக்கைகளைவிட நோயாளிகள் பல மடங்கு அதிகம். எல்லோரையும் சானடோரியத்தில் வைக்க முடியாது என்றால் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாமா? இதைச் சோதிக்க 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நான்கும் சேர்ந்தன. வாலஸ் ஃபாக்ஸ் முதல் இயக்குநர். நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர்; ஒரு பாதி வீட்டில், மறுபாதி சானடோரியத்தில்; இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. முடிவு 1959இல் வெளியானது. வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகராக இருந்தது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து தொடங்கியதும் நோயாளி பரப்புவது வேகமாகக் குறைந்துவிடுகிறது.

உலகம் முழுக்கச் சானடோரியங்களின் கதவு சாத்தப்பட்டதில் சேத்துப்பட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிய்த்தெறியத் தேவையில்லை என்று அறிவியல் தீர்ப்புச் சொன்னது ஒரு விடுதலை. ஆனாலும் அந்த ஒப்பீட்டின் பெயரை ஒரு தமிழ் மாணவன் வாசிக்கிற மாதிரி வாசித்துப் பாருங்கள்: 'வீட்டுச் சிகிச்சை', 'சானடோரியச் சிகிச்சை'. சானடோரியத்தில் சம்பளம் வாங்குகிற செவிலியர் உண்டு, சமையல்காரர் உண்டு, துணி வெளுப்பவர் உண்டு. வீட்டில்? வீடு தானாகக் கஞ்சி காய்ச்சுமா? இடவாகுபெயராக 'வீடு' என்ற சொல் அங்கே ஒரு ஆளைக் குறிக்கிறது. மனைவி, தாய், மூத்த மகள். சானடோரியத்தின் முழு வேலையையும் கூலியில்லாமல் செய்து, ஆய்வின் முடிவைச் சாத்தியமாக்கியவள் அவள். இலக்கணத்தில் எழுவாய் தோன்றாமல் இருக்கலாம். உழைப்பில் அது தோன்றாமல் இருப்பதற்கு வேறு பெயர்.

இந்த எழுவாய் இலக்கியத்தில் தோன்றியிருக்கிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மா'ளில் ஜவுளிக்கடையிலிருந்து களைத்து வீடு திரும்புகிற கணவன், படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு அடுப்பு மூட்டுகிறான், மருந்து கொடுக்கிறான், ராத்திரி விழித்திருக்கிறான். அங்கே நோயின் பெயர் முக்கியமில்லை. பக்கத்தில் இருப்பது எப்படிப்பட்ட வேலை, அது பார்த்துக்கொள்கிறவனையும் எப்படித் தின்கிறது என்பதுதான் கதை. நவீனத் தமிழ்ப் புனைகதையில் பராமரிப்பு என்னும் உழைப்புக்குக் கிடைத்த மிகக் கூர்மையான பதிவுகளில் ஒன்று அது.

வெகுஜன சினிமா வேறு மாதிரி செய்தது. பீம்சிங்கின் 'பாலும் பழமும்' 1961இல் வந்தது. சரோஜாதேவி ஏற்ற பாத்திரம் ஒரு நர்ஸ். அவளுக்கே காசநோய் வருகிறது. டாக்டர் கணவன் சிவாஜி தன் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொள்கிறான். ஆகவே அவள் வீட்டைவிட்டுப் போகிறாள், சுவிட்சர்லாந்தில் குணமாகிறாள், திரும்பி வந்து பார்வை இழந்த கணவனுக்கே அடையாளம் மறைத்த நர்ஸாகப் பணிவிடை செய்கிறாள். கோடம்பாக்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் சேத்துப்பட்டு; நோயாளி வீட்டிலேயே குணமாகலாம் என்று அங்கே நிரூபித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கதாநாயகி ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறாள்! நர்ஸ் நோயாளியாகும்போது வீட்டில் அவளுக்கு இடம் இல்லை, நோயாளி நர்ஸாகத் திரும்பும்போது உண்டு. பெண் உடல் பராமரிக்கலாம், பராமரிக்கப்படக் கூடாது என்ற கருத்தியல் இதைவிடப் பச்சையாக வெளிப்பட முடியாது. நோய் வந்த மருமகளைப் பிறந்த வீட்டுக்கு வண்டி ஏற்றிவிடுகிற நடைமுறைக்கு இது காவிய வடிவம்.

அதே 1961இல் சேத்துப்பட்டு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. வீட்டில் இருந்த நோயாளிகளின் உணவு சானடோரிய உணவைவிட மோசமாக இருந்தும், மருந்துக்கு அவர்கள் உடல் இணங்கியதில் அது தடையாகவில்லை என்றது. கண்டுபிடிப்பு அதன் எல்லைக்குள் சரி. ஆனால் கொள்கை மொழிக்குள் நுழைந்தபோது 'உணவு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும்' என்பது 'உணவு எங்கள் பொறுப்பில்லை' என்று உருமாறியது. சினிமாவின் பாலையும் பழத்தையும் கணவன் கையில் ஏந்தினான். அரசு ஏந்துவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

3

வீடு குற்றமற்றது என்று விடுவித்த அதே மையம் வீட்டை எப்படிக் கவனித்தது என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளிகள் மருந்தை வாங்கிப்போய் வீட்டில் சாப்பிட்டார்கள். சாப்பிடுகிறார்களா என்று அறிய ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சிலர் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அங்கிருந்து, வாரம் இரண்டு நாள் ஊழியர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து 1964இல் அந்த முடிவையும் வெளியிட்டது சேத்துப்பட்டு. வீட்டுக்கு விடுதலைப் பத்திரமும் நோயாளியின் வாய்க்குக் காவலும் ஒரே வளாகத்திலிருந்து புறப்பட்டன.

இந்தக் காவல் பிற்பாடு 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகக் கொள்கை ஆயிற்று. இந்தியாவில் 1997இல் திருத்தியமைக்கப்பட்ட திட்டமாகத் தொடங்கி 2006இல் நாடு முழுக்கப் பரவியது. வாரம் மூன்று நாள் நோயாளி வந்து ஊழியர் கண்முன் மாத்திரையை விழுங்க வேண்டும். 2017 முதல் தினசரி மருந்து முறைக்கு மாறியிருக்கிறோம். நேரில் பார்ப்பதற்குப் பதிலாகத் தொழில்நுட்பமும் வந்தது. மாத்திரை அட்டையைப் பிதுக்கினால் மறைந்திருக்கும் எண் தெரியும், அந்த எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்தால் 'சாப்பிட்டார்' என்று பதிவாகும். கண் போய்ச் செல்போன் வந்தது. பார்வை அதேதான்.

கண்காணிப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்காணி என்பது பேச்சில் கங்காணி ஆகித் தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பல் ஏறிய சொல். கூலியின் வேலையைப் பார்ப்பவன், பேர் போடுபவன், பிடித்தம் செய்பவன். சிகிச்சை அட்டையில் நாள்தோறும் பேர் போடுகிற முறைக்கும் செக்ரோல் போடுகிற முறைக்கும் வடிவத்தில் ஒற்றுமை இருப்பதைச் சொல்லத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மருந்தை விட்டவரை ஆவணங்கள் 'டிஃபால்டர்' என்றன. கடனைக் கட்டாதவருக்கு வங்கி வைத்திருக்கிற பெயர். நோய் இருக்கலாம் என்று வந்தவரை 'சஸ்பெக்ட்' என்றன. அது போலீஸ் ஸ்டேஷன் பெயர். உலக சுகாதார நிறுவனம் 2013இல் இவற்றை மாற்றியது. 'சஸ்பெக்ட்' போய் 'காசநோய் இருக்கலாம் எனக் கருதப்படுபவர்' வந்தது. 'டிஃபால்ட்' போய் 'பின்தொடர்தலில் தவறிப்போனவர்' என்ற பொருளில் ஒரு தொடர் வந்தது. நல்ல மாற்றம். இருந்தாலும் 'தவறவிட்டவர்' யார் என்று புதிய தொடரும் சொல்வதில்லை. காணாமல்போனது நோயாளி, காணத் தவறியது யார்?

இந்த இடத்தில் நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஃபூக்கோ தமிழுக்கு வந்த பிறகு எந்த மருத்துவமனையைப் பார்த்தாலும் சிறைச்சாலை, எந்தப் பதிவேட்டைப் பார்த்தாலும் அதிகாரம் என்று எழுதுவது நமக்குக் கைவந்துவிட்டது. மேலே உள்ள நான்கு பத்திகளையும் நானும் அந்தச் சாவியைப் போட்டுத்தான் திறந்தேன். அந்தச் சாவி அடுத்த கதவைத் திறக்காது. பார்வை எல்லாமே அதிகாரம் என்றால், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து இருமுகிறவரின் முதுகைத் தடவிவிட்டு நெற்றியில் கைவைத்துப் பார்க்கிற பெண்ணின் பார்வையும் கங்காணியின் பார்வையும் ஒன்றாகிவிடும். அந்தக் கோட்பாடு பராமரிப்பவளுக்கு இழைக்கிற அநீதி, திட்டத்தின் ஆவணங்கள் இழைப்பதற்குக் குறைந்ததில்லை. இருவருமே அவளை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ் இந்த வேறுபாட்டை ஒரு துணைவினையில் வைத்திருக்கிறது. 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்தால் 'பார்த்துக்கொள்'. "அம்மாவப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறோம். 'அம்மாவைப் பார்' என்பது வேறு. 'கொள்' செயலைச் செய்பவரின் பக்கமே திருப்புகிற துணைவினை. பார்க்கப்படுபவருக்கு ஏதாவது ஆனால் அது பார்த்துக்கொள்பவரையும் சேரும். கண்காணிக்கு இந்தக் 'கொள்' கிடையாது. நோயாளி மருந்தை விட்டால் குற்றம் நோயாளிமேல் எழுதப்படும், கண்காணியின் அட்டை சுத்தமாக இருக்கும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. நேரடி மேற்பார்வையில் விழுங்குவதையும் நோயாளி தானே மருந்து சாப்பிடுவதையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குணமாகும் விகிதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றது. வெறும் பார்வை குணப்படுத்துவதில்லை. அப்படியானால் மருந்து, பரிசோதனை இவற்றுக்கு மேல் எது காப்பாற்றுகிறது என்ற கேள்வி நம்மைக் கல்விக்குக் கொண்டுவருகிறது.

4

சில வருஷங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் காசநோய் விழிப்புணர்வுக் கைப்பிரதிகள் ஒரு கட்டை மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன். தமிழ் எம்.ஏ.வுக்குக் கிடைக்கிற வேலைகளில் ஒன்று. ஒற்றுப்பிழை குறைவு. ஆனால் வாக்கிய வகை என்று பார்த்தால் எல்லாம் ஏவல். 'மூடுங்கள்', 'துப்பாதீர்கள்', 'நிறுத்தாதீர்கள்'. மிச்சம் 'வேண்டும்', 'கூடாது'. அந்தக் கட்டு முழுவதிலும் ஒரு கேள்விக்குறி இல்லை. கல்வி என்ற பெயரில் வரும் ஒரு பிரதியில் கேள்வி இல்லையென்றால் அது கல்வி இல்லை, உத்தரவு.

இந்த உத்தரவுகளின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அறியாமைதான் நோயின் பாதி, அறிவு மேலிருந்து கீழே ஊற்றப்பட வேண்டிய திரவம். இந்த நம்பிக்கையை இந்திய ஆய்வு ஒன்று 1963லேயே உடைத்துவிட்டது. பெங்களூரில் 1959இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் காசநோய் உள்ளவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். பெரும்பாலானோர் தங்கள் உடம்பில் இருந்த அறிகுறிகளை அறிந்தே இருந்தார்கள். பாதிப் பேர் அளவுக்கு ஏற்கெனவே மருத்துவ நிலையத்தைத் தேடியும் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. அறியாமை யாரிடம் இருந்தது? நோயாளி தெரிந்துகொண்டு வந்தார், நிறுவனம்தான் தெரிந்துகொள்ளவில்லை. அறுபது வருஷம் கழித்தும் நம் கைப்பிரதிகள் இருமினால் பரிசோதனைக்கு வாருங்கள் என்று நோயாளிக்கே பாடம் நடத்துகின்றன. இரண்டு வாரம் இருமுகிறவரை இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பாதீர்கள் என்று எதிர்ப்பக்கம் பார்த்துச் சொல்கிற கைப்பிரதியை நான் பார்த்ததில்லை.

உத்தரவு மொழி வெறும் அழகியல் குறை என்று நினைத்துவிட வேண்டாம். அது உயிரோடு விளையாடக்கூடியது. 'எக்காரணம் கொண்டும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு மாத மருந்தை நடுவில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம் என்பது உண்மை. ஆனால் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. சாப்பாடு பிடிக்காமல், வாந்தி நிற்காமல், கண் மஞ்சளானால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 'எக்காரணம் கொண்டும்' என்பதற்குள் மஞ்சள் காமாலையும் அடக்கமா? கீழ்ப்படிதலுள்ள நோயாளி அந்த வாக்கியத்தை நம்பிச் சாகலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம், அதனால் கெடுதி இல்லை. முதல் நாள் இதை யாரும் சொல்லாவிட்டால், மறுநாள் காலையில் ரத்தமாகப் போகிறது என்று பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப்போடுவார் ஒருவர். அவர் செய்தது அறிவுள்ள செயல். கிடைத்த தகவலை வைத்து எடுத்த முடிவு. எத்தாம்பூட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினால், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் உடனே சொல்ல வேண்டும். கால் மரத்துப்போனால் ஐசோனியசிட்டின் வேலையாக இருக்கலாம், பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரையால் சரிசெய்யலாம். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் எவரும் காப்பாற்றப்படுவதில்லை; நோய் காற்றில் பரவுகிறது, சன்னலைத் திறந்து வைப்பதும் வாயை மூடி இருமுவதும்தான் காப்பு. இவ்வளவும் ஒரு செவிலியர் ஒரு நோயாளியோடு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் சொல்லிவிடக்கூடியவை. ஆனால் எதை முதலில் சொல்வது, இவருக்கு எது பயம் என்பது அவரைப் பேசவிட்டால்தான் தெரியும். கல்வி இங்கே கேட்பதில் ஆரம்பிக்கிறது.

கேட்டதை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். ஒரு புறநகர் சுகாதார நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலைபார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். மாத்திரைக்கு வரச் சொன்ன நாள்களில் அவர் அடிக்கடி வரமாட்டார். "ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வந்துடும். இறக்கி முடிச்சுக் கூலி வாங்கப் பத்து மணி ஆயிடும். அப்புறம் இங்க வந்து வரிசையில நின்னா அன்னிக்குச் சாயங்கால வேலை போச்சு. வெறும் வயித்துல மாத்திரை போட்டாக் குமட்டுது சிஸ்டர்ம்பார். அவர் வரலன்னு எழுத எனக்குக் கட்டம் இருக்கு தம்பி. ஏன் வரலன்னு எழுதக் கட்டம் இல்ல."

காசநோய்ப் பராமரிப்பின் சொல்லாடலைப் பற்றி நான் வாசித்த கோட்பாட்டு நூல்கள் எதிலும் இவ்வளவு துல்லியமான வாக்கியம் இல்லை. அந்த மனிதரின் வேலை நேரம், கூலி, வயிறு, குமட்டல் நான்கையும் அவர் அறிந்திருந்தார். மேலே போனது ஒரு பெருக்கல் குறி மட்டும்.

5

செவிலியர் என்ற சொல்லை நர்ஸுக்கு வைத்தவர்கள் அகத்திணையிலிருந்து எடுத்தார்கள். ஜனங்கள் 'சிஸ்டர்' என்கிறார்கள். இரண்டுமே உறவுமுறைச் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு. தாய், சகோதரி என்று புகழ்ந்துவிட்டால் சம்பளம் கேட்பது அசிங்கம் ஆகிவிடும். 2017 நவம்பரில் தொகுப்பூதியச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது, சேவை மனப்பான்மை எங்கே போயிற்று என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே செவிலி என்ற தாய்மைப் படிமத்தைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. வேறொன்றை நினைவூட்ட வருகிறேன். அக மரபில் செவிலிக்குக் கூற்று உண்டு. தலைவி உடன்போக்கில் போய்விட்டால், பெற்ற தாய் வீட்டிலிருந்து கலங்குகிறாள். செவிலி சுரத்தில் இறங்கித் தேடிப் போகிறாள். எதிரே வருகிறவர்களை நிறுத்திக் கேட்கிறாள். அவர்கள் சொல்வதைக் கேட்கவும் செய்கிறாள். போனவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று அவர்கள் வாயிலிருந்து தெரிந்துகொள்கிறாள். 'பின்தொடர்தலில் தவறிப்போனவரை'த் தேடிப்போகும் ஊழியருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி நம் இலக்கியத்தில் இல்லை. போய்க் கேட்கிறவள், கேட்டதைப் பேசுகிறவள். நம் நவீனச் செவிலியருக்கு நாம் பெயரைக் கொடுத்துவிட்டுக் கூற்றைப் பிடுங்கிக்கொண்டோம்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து செய்பவன். இன்றைக்கு உழை என்றதும் நமக்கு உழைப்பு நினைவுக்கு வருகிறது, தற்செயல்தான் என்றாலும் பொருந்துகிறது. நான்கில் ஒரு பங்கு என்று அவர் வைத்த இடத்தைத் திட்டங்களின் வரவு செலவில் தேடிப் பாருங்கள்.

பக்கத்தில் நிற்பது வெறும் நல்லெண்ணம் இல்லை, அது ஒரு அறிதல்முறை என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சமீபச் சான்று இருக்கிறது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்டதும் சில எளிய விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள். உயரத்துக்கு எடை மிகவும் குறைவா? காலில் வீக்கம் இருக்கிறதா? மூச்சு நிமிஷத்துக்கு 24ஐத் தாண்டுகிறதா? ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இருக்கிறதா? துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஆபத்தில் இருப்பவர் என்று தெரிந்தால் உடனே படுக்கை. வீட்டை விடுவித்த அதே ஊரில், சிலருக்கு முதலில் மருத்துவமனைதான் வேண்டும் என்ற திருத்தம். இதில் எக்ஸ்ரே இல்லை, நுண்ணோக்கி இல்லை. கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பது. எலும்புருக்கி என்று பெயர் வைத்தவளின் பார்வை அறுபது எழுபது வருஷம் கழித்துப் படிவத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது. இந்தப் படிவத்தில் கேள்விக்குறிகள் இருக்கின்றன என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உணவும் திரும்பி வந்திருக்கிறது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் நடந்து 2023இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், அரிசியும் பருப்பும் கூடுதலாகப் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்கள் இறப்பதும் வெகுவாகக் குறைந்தது. அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. 1961ஆம் வருஷத்து ஆய்வு கேட்டது மருந்து வேலை செய்யுமா என்பதை. குடும்பத்தில் அடுத்தது யார் படுப்பார்கள் என்பதை அது கேட்கவில்லை. கஞ்சியில் தன் பங்கைக் கணவனுக்கு ஊற்றிவிட்டு வெறும் நீராகாரம் குடித்தவளின் உடம்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. ஜார்க்கண்டில் பட்டியல் அவள்வரை நீண்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே என் கோரிக்கை பெரிதல்ல. சிகிச்சை அட்டையில் 'வரவில்லை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் போடுங்கள். அதை நிரப்பச் செவிலியருக்கு நேரமும், நிரப்பியதைப் படிக்க மேலே ஒரு ஆளும், படித்ததற்காக மருத்துவமனை திறக்கும் நேரத்தை மாற்றும் அதிகாரமும் வேண்டும். அவருக்கு நிரந்தரச் சம்பளமும், இருமுகிறவர் எதிரே உட்காரத் தகுந்த முகக்கவசமும் வேண்டும். கைப்பிரதி அச்சடிக்கிறவர்கள் ஒவ்வொரு 'நிறுத்தாதீர்கள்' என்பதற்கும் முன்னால் ஒரு கேள்வியை வைக்கட்டும்: 'மாத்திரை போட்டதும் உங்களுக்கு என்ன செய்கிறது?' மூட்டை தூக்குகிறவர் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார். சிஸ்டருக்கு அது ஏற்கெனவே தெரியும். அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.